உங்களுக்குத் தெரியுமா? கிணற்றுக்குள் வட்ட வானம்

இலத்தூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் முங்கி, அடியிலிருந்து அண்ணாந்து பாருங்கள். வானம், கிணற்றுச் சுவர், கரையில் எட்டிப் பார்க்கும் தலைகள் எல்லாம் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரே வட்டத்துக்குள் சுருங்கிக் கிடக்கும். ஒளிவிலகல் செய்யும் வேலை இது. 2 மீட்டர் ஆழத்தில் இருந்தால் நீர்ப்பரப்பில் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 4.5 மீட்டர். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி, கிணற்றின் இருட்டையே திருப்பிக் காட்டும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், தண்ணீர் நிரப்பிய வாளியையே கேமராவாக்கி இந்தக் காட்சியைப் படமெடுத்தார். 1906-இல் அதை வெளியிட்டார்.

நீந்துபவரை இப்படிக் கீழிருந்து படமெடுப்பதில்தான் சிக்கல். வானத்துக்கு ஒளியளவு வைத்தால் ஆள் கரிய நிழலாவார். ஆளுக்கு வைத்தால் வானம் வெளுத்து, கைகால் விளிம்பையும் தின்றுவிடும். இதே போன்ற சிக்கலுக்கு 1850-களில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். ஆனால் நீச்சல்காரர் அசைவார், அலையும் அசையும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் பொருந்தாது. வானம் வெளுக்காத அளவில் ஒரே ‘ரா’ (பதப்படுத்தாத மூலக் கோப்பு) படம் எடுத்து, கணினியில் ஒருமுறை வானுக்கும் மறுமுறை ஆளுக்குமாக வெளிச்சம் கூட்டிக் குறைத்து இணைப்பதே நல்லது. நிழலில் கொஞ்சம் புள்ளி தட்டும், போகட்டும்.