பொடக்காலிச் சவுண்டல்: வைத்துக்கொள்வதா, வெட்டுவதா?

எங்கள் வீட்டுப் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தைக் கொங்குப் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) ஒரு சவுண்டல் மரம் நிற்கிறது. சூபாபுல் என்றால் இன்னும் பல பேருக்குத் தெரியும். 12 வருடம் முன்னால் அப்பா ஆட்டுக்காக வைத்தது. அப்பாவும் இல்லை, ஆடும் இல்லை. மரம் மட்டும் ஓட்டுக்கு மேலே எழும்பி நிற்கிறது.

ஐப்பசி மழை விட்டதும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி முளைத்திருந்த கன்றுகளை ஒரு காலையில் உட்கார்ந்து பிடுங்கினேன். சும்மா ஒரு கணக்குக்கு எண்ணிக்கொண்டே வந்தேன். 400 தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"வெட்டிரலாம்மா" என்றேன்.

"ஏஞ்சாமி, சும்மா நெழல் குடுக்கற மரத்த எதுக்கு வெட்டோணும்? உங்கப்பா வெச்சது."

அதற்கு மேல் பேச முடியவில்லை. சரி, மரத்தைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொண்டு அப்புறம் பேசுவோம் என்று படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் எங்கள் வாக்குவாதத்துக்கு உதவியதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சவுண்டலின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அங்கே இளங்காயின் விதையை மனிதர்களே சாப்பிடுகிறார்கள். ஸ்பானியர்களின் கப்பலில் பிலிப்பைன்ஸ் வந்து, அங்கிருந்து வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. 1970களில் ஹவாயில் தேர்ந்தெடுத்த உயர ரகங்கள் இந்தியாவுக்கு வந்தபோது இதை அதிசய மரம் என்றே கொண்டாடினார்கள். தீவனம், விறகு, காகிதக் கூழ், வேர் முடிச்சில் தழைச்சத்து, எல்லாம் ஒரே மரத்தில். அப்பா காலத்து விவசாயிகள் காதில் விழுந்தது இந்தப் பாட்டுதான். 2000இல் இதே மரம் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. இரண்டுமே பொய் இல்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் தீவனக் கதை. உலர்ந்த இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆடு பாய்ந்து பாய்ந்து தின்னும். கூடவே மிமோசின் என்று ஒரு நச்சுப் பொருளும் உண்டு. கொழுந்திலும் விதையிலும் அதிகம். குதிரை இதைத் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். அசைபோடும் மாடுகளின் வயிற்றில் அது வேறொரு பொருளாக மாறி, தைராய்டு சுரப்பியை வீங்க வைக்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இப்படி அவதிப்பட்டபோது, ஹவாயில் ஆடுகள் இதையே வயிறு முட்டத் தின்றுவிட்டு நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, ரகசியம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிரில் இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் இரைப்பை நீரிலிருந்து எடுத்ததை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நச்சு முறிந்தது. அந்த பாக்டீரியாவுக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள்: சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சி. நம் ஊரில் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போடாதீர்கள் என்று சொல்வதும் இந்த மிமோசினுக்குப் பயந்துதான். அப்பா எதையும் படிக்காமலே சோளத்தட்டோடு கலந்துதான் போடுவார்.

எனக்கு உறைத்தது அடுத்த விஷயம்தான். அப்பா இருந்தவரை கன்று முளைத்த ஞாபகமே இல்லை. ஏன்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பு உயரத்தில் வெட்டித் தழையை ஆட்டுக்குப் போட்டுவிடுவார். பூத்துக் காய்த்து நெற்று ஆக மரத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆட்டை விற்ற பிறகு நாங்கள் கிளையைத் தொடவே இல்லை. சவுண்டல் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். துணைக்கு இன்னொரு மரம் வேண்டாம். ஒரு நெற்றில் 15, 20 விதை. கொத்துக் கொத்தாகக் காய்த்து, மரத்திலேயே வெடித்துக் கீழே உதிரும். விதைத்தோல் கெட்டி. நாற்று விடுபவர்கள் வெந்நீரில் போட்டுத்தான் முளைக்க வைப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு பங்கு உடனே முளைக்கும், மிச்சம் மண்ணுக்குள் பல வருடம் காத்திருக்கும். ஆக, மரம் அதேதான். அதைத் தின்ற வாய்தான் போய்விட்டது.

கன்று எங்கள் வளவுக்குள்ளேயே நின்றால் பிடுங்கிக்கொண்டு காலம் தள்ளலாம். பின்னால் பள்ளம் இருக்கிறதே! மழைத் தண்ணீர் பொடக்காலி வழியாகத்தான் அதில் இறங்குகிறது. இறங்கிப் பார்த்தேன். ஆவாரையும் நுணாவும் இருந்த கரையில் தோள் உயரத்துக்குச் சவுண்டல் நெருக்கமாக நிற்கிறது. உள்ளே நுழைய முடியவில்லை. எல்லாம் எங்கள் மரத்துப் பிள்ளைகள் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மேட்டுப் பக்கம் வேறு சவுண்டல் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவும் கீரைப் பாத்தியில் தினமும் இதைத்தான் களை எடுக்கிறாராம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது அவர் பெருந்தன்மை.

என் முடிவு இதுதான். ஆடு வைத்திருப்பவர், காய் பிடிக்க விடாமல் வெட்டிப் போடுபவர், பக்கத்தில் ஓடை இல்லாதவர் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நிழலுக்கு மட்டும் என்றால் வேண்டாம். எங்களுக்கு வேண்டாம்.

அம்மாவிடம் புள்ளிவிவரம் எதுவும் எடுபடவில்லை. பள்ளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அங்க ஒரு வேப்பங்கன்னு தானா மொளச்சிருக்குது. அத மிதிக்காம வெட்டச் சொல்லு" என்றார்.

வெட்டுவதோடு வேலை முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிமரத்தை விட்டு வெட்டினால் ஒரே மாதத்தில் பத்துக் கிளை துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும், இல்லாவிட்டால் துளிரை விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கன்றுகளை விரல் உயரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் சுலபமாக வரும். முழங்கால் உயரம் தாண்டினால் ஆணிவேர் இறங்கிவிடும், அப்புறம் கடப்பாரைதான். மண்ணில் கிடக்கும் விதைக்காக இன்னும் சில வருடம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குனிய வேண்டியிருக்கும்.

மரம் வெட்டுபவர் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விறகை அவர் எடுத்துக்கொள்வார், கூலி பாதி. அதற்குள் முற்றாத காய்களைத் தொறட்டியால் இழுத்து அறுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை 3 சாக்கு.