பிஸ்கட் கல்லாவதும் கரைவதும் நம் கையில்!

வீட்டில் பிஸ்கட் செய்து பார்த்த பெண்கள் என்னிடம் சொல்லும் குறை மூன்றே மூன்றுதான். 'கல்லு மாதிரி இருக்கு', 'தொட்டாலே உதிருது', 'ரெண்டாம் நாளே நமத்துப் போச்சு'. மூன்றுக்கும் அவர்கள் நினைக்கிற மருந்தும் ஒன்றேதான்: "அடுத்த தடவை சோடா உப்பைக் கொஞ்சம் கூடப் போடட்டுமா?" வேண்டாம் சகோதரிகளே! சோடா உப்பு டப்பாவைக் கொஞ்ச நேரம் எட்டவே வையுங்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை இந்த மூன்றும் எந்த வரிசையில், எந்த உருவில் கலக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது வெறும் ருசி விஷயமில்லை. மாமனாருக்கு வயது 79. பல்செட் கட்டியதிலிருந்து முறுக்கு, சீடை எல்லாவற்றுக்கும் விடை கொடுத்துவிட்டார். சாப்பாடு குறைந்தது, எடையும் இறங்கியது. "நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றார் டாக்டர். உறவினர் ஒருவர் ஆசையாக நெய் பிஸ்கட் வாங்கி வந்தார். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் வாயில் போட்டதும் மாவாக உதிர்ந்து மாமாவுக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். அதன் பிறகு பிஸ்கட் தட்டை நீட்டினாலே "வேணாம்மா" என்று கையைக் காட்டிவிடுவார். பிள்ளைகள் இரண்டு பேரோ நேர் எதிர். கடித்தால் 'கடக்' என்று சத்தம் கேட்க வேண்டும்! ஒரே அடுப்படியில் இரண்டு கட்சி.

பொடியாக உதிர்வது வேறு, வாயில் கரைவது வேறு. வயதானவர்களுக்கு வேண்டியது இரண்டாவது.

சப்பாத்தி மாவை நன்றாகப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதல்லவா? மாவோடு தண்ணீர் சேர்ந்து பிசையும்போது அதிலுள்ள புரதம் வலை மாதிரிப் பின்னிக்கொள்கிறது. க்ளூட்டன் என்பார்கள். சப்பாத்திக்கு அது வேண்டும். பிஸ்கட்டுக்கு அதுதான் எதிரி. வலை பலமாகப் பின்னினால் பிஸ்கட் கல். அதனால் தண்ணீரோ பாலோ மாவைத் தொடும் முன்னால் வெண்ணெய் தொட்டுவிட வேண்டும். மாவுத் துகளைச் சுற்றி வெண்ணெய் பூசிக்கொண்டால் தண்ணீர் உள்ளே நுழைய முடியாது, வலையும் பின்னாது. என் அடுத்த வீட்டுப் பெண் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பாலை ஊற்றி, பூரி மாவு மாதிரி அடித்துப் பிசைவாள். பிஸ்கட்டை உடைக்க அம்மிக் குழவி கேட்கும்! பிசிறுவதும் சேர்த்துப் பிடிப்பதும்தான் பிஸ்கட் மாவுக்கு வேலை. பிசைவது இல்லை.

கொழுப்பிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. கடை வெண்ணெயில் 100 கிராமுக்கு 80 கிராம்தான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி, ஏறக்குறைய 16 கிராம், தண்ணீர். அந்தத் தண்ணீர் மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் நெய் பிஸ்கட்டும் நான்கட்டாயும் பொலபொலவென்று உதிர்கின்றன. பிடித்தவர்களுக்கு அது அமிர்தம். எங்கள் மாமா மாதிரி ஆட்களுக்கு ஆபத்து. வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் மோர் போகக் கழுவி நன்றாகப் பிழிந்து எடையுங்கள். அதில் தண்ணீர் கடை வெண்ணெயைவிடக் கூட இருக்கும்.

வனஸ்பதி மலிவு, பிஸ்கட்டும் அழகாக நிற்கும். ஆனால் அதில் டிரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று உண்டு. இதயத்துக்கு ஆகாது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. நல்ல விஷயம்தான். இருந்தாலும் நான் வெண்ணெய்க் கட்சி. வாரத்துக்கு இரண்டு பிஸ்கட் குறைத்துச் சாப்பிட்டால் போகிறது. வீட்டில் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இருந்தால் உப்பில்லாத வெண்ணெயாக வாங்குங்கள்.

இனி சர்க்கரை. இனிப்புக்கு மட்டும்தான் சர்க்கரை என்று நினைக்கிறோம். முழுச் சர்க்கரை மாவில் பாதிதான் கரையும். மீதி ஓவன் சூட்டில் உருகி, பிஸ்கட்டைப் பரத்தி, ஆறும்போது கண்ணாடி மாதிரி இறுகும். 'கடக்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. பொடித்த சர்க்கரை போட்டால் பிஸ்கட் அதிகம் பரவாது, நறுநறுப்பு இல்லாமல் வழவழப்பாக வரும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிஸ்கட் மெத்தென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் நமத்தும் போகும்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். மைதா 200 கிராம், வெண்ணெய் 130 கிராம். தராசில் எடை போட்டே எடுங்கள். டம்ளரில் அளந்தால் அமுக்கி நிரப்பியதற்கும் லேசாக நிரப்பியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வரும். வெண்ணெய் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் உருகியிருக்கக் கூடாது. விரல் நுனியால் இரண்டையும் பிசிறுங்கள். ரவை மாதிரி ஆனதும் இரண்டு பாத்திரத்தில் பாதி பாதியாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் பாதி மாமாவுக்கு. பொடித்த சர்க்கரை 40 கிராம், சோளமாவு (கார்ன் ஃப்ளவர்) ஒரு மேஜைக் கரண்டி, ஒரு முட்டையின் மஞ்சள் கரு. சோளமாவில் க்ளூட்டன் கிடையாது, அதனால் மென்மை கூடும். மஞ்சள் கரு மாவை உதிராமல் இதமாகக் கட்டிவைக்கும். சேர்த்துப் பிடித்து, விரல் கனத்துக்கு நீளநீளமாக உருட்டிக்கொள்ளுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் இரண்டு டீஸ்பூன் பால் விடலாம், கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

இரண்டாம் பாதி பிள்ளைகளுக்கு. முழுச் சர்க்கரை 40 கிராம், வறுத்த ரவை ஒரு மேஜைக் கரண்டி, பிடிபடும் அளவுக்குப் பால் ஒன்றிரண்டு டீஸ்பூன். இதை மெல்லிசாகத் தேய்த்து வெட்டுங்கள். மெல்லிசாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் முழுக்க வெளியேறும். மைதா வேண்டாம் என்பவர்கள் பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்க்கலாம். அதிலுள்ள தவிடு தண்ணீர் குடிக்கும். பால் ஒரு ஸ்பூன் கூட விட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் வறட்டுக் கடினம் இருக்காது.

பார்த்தீர்களா, சோடா உப்பும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. நான்கட்டாய்க்கு வெடிப்பு வேண்டும் என்றால் 200 கிராம் மாவுக்குக் கால் டீஸ்பூன் சோடா, கூடவே ஒரு ஸ்பூன் தயிர் போதும். அதிகமானால் பிஸ்கட் பரந்து, கருத்து, சோப்பு வாடை அடிக்கும்.

நான் இருப்பது தூத்துக்குடியில். 32 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் இளகி வழிய ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர் மே மாத அடுப்படியில் 32 எல்லாம் காலை காப்பி நேரத்துக் கணக்கு! அதனால் உருவம் செய்த தட்டை அப்படியே அரை மணி ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டுத்தான் சுடுவேன். வெண்ணெய் இறுகியிருந்தால், அது உருகி ஓடும் முன் மாவு வெந்து பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிப் பேருடைய 'பிஸ்கட் எல்லாம் ஒட்டி அடையாயிடுச்சு' புகார் தீர்ந்துவிடும். பிள்ளைகள் பச்சை மாவைக் கிள்ளி வாயில் போடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். வேகாத முட்டை மட்டுமல்ல, வேகாத மைதாவும் வயிற்றைக் கெடுக்கும்.

ஓவனைப் பத்து நிமிஷம் முன்பே சூடாக்கிக்கொள்ளுங்கள். மாமாவுடையதற்கு 170 டிகிரி, 14, 15 நிமிஷம். ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறம் காட்டும்போதே எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுடையதற்கு 160 டிகிரியில் 20 நிமிஷம், முழுக்கச் சிவக்கட்டும். எடுத்தவுடன் தொட்டால் இரண்டுமே மெத்தென்றுதான் இருக்கும். 'வேகலை' என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஆறினால்தான் இறுகும். ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில் ஓரங்குல உயரம் உப்புப் பரப்பி, சூடாக்கி, மேலே ஒரு வளையம் வைத்து மூடிச் சுடலாம். வேகும், ஆனால் மேல்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது. நான்ஸ்டிக் பாத்திரத்தை இதற்கு எடுக்கவே கூடாது.

மாமா இப்போது மாலை நாலு மணிக்குத் தானே கேட்டு வாங்கி இரண்டு சாப்பிடுகிறார். நிமிர்ந்து உட்கார வைத்து, பக்கத்தில் காப்பியோ தண்ணீரோ வைத்துவிட்டுத்தான் தட்டை நீட்டுவேன். ஒரு விஷயம்: வயதானவர்களுக்கு எதைச் சாப்பிட்டாலும் அடிக்கடி புரையேறுகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அது பிஸ்கட்டை மாற்றிச் சரிசெய்கிற சமாசாரம் இல்லை.

மிஞ்சின வெள்ளைக் கருவைக் கொட்டிவிடாதீர்கள். எங்கள் ஊர் மக்ரூனே வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தானே! மஞ்சள் கரு இளக்கம் தந்தால், அடித்து நுரைத்த வெள்ளைக் கரு உலர்ந்து மொறுமொறுப்பாகும். அதை இளஞ்சூட்டில் நிதானமாக உலர்த்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

பிஸ்கட்டைத் தட்டிலேயே ஆறவிட்டால் அடியில் ஆவி தங்கி ஈரமாகும். கம்பி வலைமேல் பரப்பி, சூடு முழுவதும் தணிந்த பிறகு டப்பாவில் போடுங்கள். இரண்டு தினுசையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. மெத்தென்றிருப்பதன் ஈரத்தை மொறுமொறுப்பு இழுத்துக்கொண்டு, காலையில் இரண்டும் கெட்டு நிற்கும். கடல் காற்றில் பிள்ளைகளுடையது நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள், பழைய 'கடக்' திரும்பிவிடும்.