பரணில் ஏறும் பூஞ்சணம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் கடலோர ஊர்களில், கடையில் முதலில் கெடுவது பரணில் ஏற்றிய சரக்குத்தான். கூரை ஒழுகாதபோதும் மூட்டை நனைவது எப்படி என்று வணிகர்கள் கேட்பதுண்டு.

காரணம் காற்றிலேயே இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 23 கிராம்தான் தாங்கும். இரவில் தகரக் கூரை குளிரும்போது, மிஞ்சிய ஈரம் அதன் அடியில் நீராகப் படிந்து மூட்டைமேல் சொட்டுகிறது.

ஆகவே மழை பெய்யும்போது பரண் ஜன்னலைத் திறக்க வேண்டாம். வெயில் காயும் நண்பகலில் திறந்து, மாலையில் மூடிவிடுங்கள். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடியும் கூரையிலிருந்து இரண்டடியும் இடைவெளி விடுங்கள். மொட்டைமாடி வெடிப்பையும் மழைநீர்க் குழாய் அடைப்பையும் புரட்டாசிக்குள் சரிசெய்யுங்கள். ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் பூசினால் உரிந்துவிடும். கசிவை அடைத்து, சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பு அடியுங்கள். அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது.

பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் மிளகாய் வற்றலையும் துடைத்துக் காயவைத்து விற்பது தவறு. அவற்றில் உண்டாகக்கூடிய அஃப்ளடாக்சின் என்னும் நச்சு, கல்லீரல் புற்றுநோயை விளைவிக்க வல்லது. வறுத்தாலும் முற்றும் அழியாது. நல்ல சரக்கோடு கலந்தால் அதுவும் கெடும். மூட்டையை ஒதுக்கினால் வரும் நஷ்டத்தை அடுத்த கொள்முதலில் ஈடுகட்டலாம். கடையின் பெயர் கெட்டால் ஈடுகட்ட முடியாது.