டிரையரில் எந்தத் துணிக்கு எந்த செட்டிங்?

கம்ப்யூட்டர் இதழில் துணி காயப் போடுவதைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? வாஷிங் மெஷினிலும் டிரையரிலும் உள்ள பட்டன் வரிசைக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். நாம் தரும் கட்டளை சரியாக இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். புதிதாக வாங்கியவர்களில் பலர் முதலில் வரும் டிபால்ட் புரோகிராமையே எல்லாத் துணிக்கும் போட்டுவிடுகின்றனர். அதனால் பனியன் சுருங்குகிறது. சேலைக் கரை சுருண்டு போகிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதியில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அதையும் கீழே காணலாம்.

இரண்டு வகை டிரையர்

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் வலது பக்கம் இருக்கும் சிறிய தொட்டியைத்தான் நாம் டிரையர் என்கிறோம். உண்மையில் அது ஸ்பின்னர். வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழிந்து எடுக்கும், சூடு கிடையாது. இதில் உள்ள செட்டிங் நேரம் மட்டுமே. பருத்தித் துணி, ஜீன்ஸ், துண்டு ஆகியவற்றிற்கு 4 முதல் 5 நிமிடம் தேவை. பாலியஸ்டர் சட்டை, நைலான் சேலைக்கு 2 நிமிடம் போதும். துணிகளைச் சமமாக அடுக்கி, மெஷினுடன் தந்த பிளாஸ்டிக் தட்டை மேலே வைத்து அழுத்திய பின்னரே மூடுங்கள். இல்லையெனில் தொட்டி தடதடவென ஆடும்.

இன்னொன்று சூடான காற்றில் துணிகளை உருட்டி உலர்த்தும் டம்பிள் டிரையர். இதன் உள்ளே உள்ள டிரம்மில் இரண்டு உலோகப் பட்டைகளைப் பார்க்கலாம். பல மாடல்களில் இவைதான் ஈரத்தை அளக்கும் சென்சார். ஈரத் துணி மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த துணி கடத்தாது. துணி பட்டையில் படும்போது மின்சாரம் எவ்வளவு செல்கிறது என்று கணக்கிட்டு, போதிய அளவு காய்ந்ததும் மெஷின் நின்றுவிடும். சென்சார் உள்ள மெஷினில் நேரத்தை நீங்களே அமைக்காமல் ஆட்டோ செட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துணியை மென்மையாக்கும் திரவம் இந்தப் பட்டைகளில் படிந்தால் கணக்கு தவறும். மாதம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

துணியும் செட்டிங்கும்

முதலில் துணியின் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். சதுரத்திற்குள் வட்டம் இருந்தால் டம்பிள் டிரையரில் போடலாம். வட்டத்தில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு. இரண்டு புள்ளி என்றால் சாதாரண சூடு. குறுக்கே பெருக்கல் குறி போட்டிருந்தால் போடவே கூடாது.

1. துண்டு, படுக்கை விரிப்பு, பருத்தி வேட்டி: காட்டன் செட்டிங். இஸ்திரி போடப் போகிறீர்கள் என்றால் அயர்ன் டிரை கொடுங்கள். சிறிது ஈரத்துடன் நிறுத்திவிடும். இஸ்திரி எளிதாக ஏறும்.

2. பாலியஸ்டர், நைலான், கலப்புத் துணி: சிந்தடிக்ஸ் செட்டிங், குறைந்த சூடு. அதிகம் காய விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படபடவென்று பொறி பறக்கும்.

3. பட்டு, ஜரிகைச் சேலை, கம்பளி: டிரையர் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள்.

4. திரைச்சீலை: குறைந்த சூட்டில் பாதி உலர்த்தி, ஈரத்தோடு கம்பியில் மாட்டிவிடுங்கள். சுருக்கம் தானே போய்விடும்.

5. ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி, ஃபோம் தலையணை: சூட்டில் போடவே கூடாது. ரப்பரும் ஃபோமும் சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு.

6. சமையல் எண்ணெய், பெட்ரோல், தின்னர் பட்ட துணி: இதுவும் கூடாது. துவைத்த பின்னும் எண்ணெய் மிச்சம் இருக்கும். சூடான துணியைக் குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். கடைசியில் வரும் குளிர்காற்று நிமிடங்களை இடையில் நிறுத்தாதீர்கள்.

பட்டாசு ஊரில் ஒரு எச்சரிக்கை

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அந்தத் தொழில் சிவகாசியில் வேரூன்ற இங்குள்ள வறண்ட காற்றும் வெயிலும் துணை நின்றன. பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. ஆனால் அதே வறண்ட காற்றில்தான் நிலைமின்சாரம் எளிதில் சேரும். காற்றில் ஈரம் இருந்தால் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். இல்லாவிட்டால் உடலிலும் உடையிலும் தங்கி, ஒரே பொறியாகப் பாயும். மருந்து கலக்கும் அறையில் அந்த ஒரு பொறி போதும். பட்டாசு ஆலைகளில் பாலியஸ்டர், நைலான் வேண்டாம், பருத்தி உடையே வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

வேலைக்குப் போட்டுச் சென்ற உடை வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. அதில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஒட்டியிருக்கலாம். தீப்பெட்டி வேலை என்றால் பொட்டாசியம் குளோரேட் இருக்கலாம். டிரையர் தண்ணீரை மட்டுமே விரட்டும். தண்ணீரில் கரைந்த உப்பு துணி இழையிலேயே தங்கிவிடும். வெடியுப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்த நூலோ காகிதமோ எப்படி எரியும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியாக அலசாத வேலை உடையும் அதுபோல்தான். அதைச் சூடான டிரம்மில் உருட்டுவது விபரீதம்.

எனவே வேலை உடையைத் தனி வாளியில் போடுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றிப் பல முறை அலசுங்கள். குழந்தைகள் துணியோடு சேர்க்காதீர்கள். காய்வதற்குக் கொடிக்கயிறுதான். அடுப்பிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயத் தாமதமானாலும், மின்விசிறிக் காற்றில் போடலாமே தவிர டிரையர் வேண்டாம். மாற்று உடை ஒரு செட் கூடுதலாக வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

எந்தத் துணியானாலும் பையைத் துழாவிவிட்டுப் போடுங்கள். தீப்பெட்டி இருக்கலாம், பிள்ளைகளின் டவுசரில் பிஜிலி வெடி இருக்கலாம். உங்கள் பென் டிரைவும் இருக்கலாம். அது தண்ணீரில் நனைந்துவிட்டால் உடனே கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். டிரையரிலோ தலைமுடி உலர்த்தும் கருவியிலோ சூடேற்றாதீர்கள். நிழலில் இரண்டு நாள் காயவிட்டுப் பின்னர் செருகினால் பைல்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும்.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்

நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட் அளவை எட்டினால்தான் சுரீர் என்று நமக்குத் தெரியும். ராம் போன்ற சிப்கள் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே கெட்டுப்போகலாம். ஆகவே கேபினெட்டைத் திறக்கும் நாளில் பருத்திச் சட்டை அணியுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, எர்த் ஆகியுள்ள ஓர் உலோகப் பொருளைத் தொட்ட பின்னர் ராமில் கை வையுங்கள். டிரையரிலிருந்து பாலியஸ்டர் துணிகளை எடுத்த கையோடு கம்ப்யூட்டர் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று: சூடாக்கும் டிரையர் 2,000 வாட் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் செலவாகும். அதற்குத் தனி 16 ஆம்ப் பிளக் வேண்டும். கம்ப்யூட்டருக்கான யுபிஎஸ்ஸிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ ஒருபோதும் இணைக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கு மின் கட்டணம் கிடையாது. வருடத்தில் பல மாதங்கள் மொட்டை மாடிதான் நமக்குச் சிறந்த டிரையர். மழை நாளில் மெஷினைப் பயன்படுத்தும்போது லேபிளைப் பாருங்கள், பையைத் துழாவுங்கள், அதன் பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்.