கேஷ் நம்ம காசுதானா?

போன மாசம் சிங்கவரம் போயிருந்தோம். ரங்கநாதர் கோயில் மலைப்படியில் பாதி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அக்கா மகள் ஒரு குறையைச் சொன்னாள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில், "ஆங்கிலத்துல இருக்கிற கேஷ் நம்ம காசுலேருந்து போனது" என்று பேசியிருக்கிறாள். நடுவர் சிரித்துவிட்டு, "வாட்ஸப்புல வர்றதையெல்லாம் மேடையில சொல்லக்கூடாதும்மா" என்றாராம். கூட்டமும் சிரித்திருக்கிறது.

"நீங்க சொல்லித்தானே மாமா பேசினேன்" என்றாள்.

உண்மைதான். பத்து வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்லி வந்த சங்கதி அது. ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கசப்பான பாதி. பேங்க்கில் கேஷ் கட்டுகிறோமே, அந்த கேஷ் தமிழிலிருந்து போனது இல்லை. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் 'காஸா', பிரெஞ்சில் 'கேஸ்' என்று மாறி, பணப்பெட்டியைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் ரொக்கம் என்று இரண்டு பொருளும் இருந்தன. பிறகு பெட்டி மறைந்துபோய் ரொக்கம் மட்டும் நின்றது. மாத்திரைக்குச் சொல்கிற கேப்ஸ்யூல், கண்ணாடி வைக்கிற கேஸ் எல்லாம் இதே குடும்பம்தான். கேஷியர் என்பவர் ஆதியில் பெட்டிக்காரர். அப்படிப் பார்த்தால் கடையில் இருக்கும் 'கேஷ் பாக்ஸ்', பெட்டிப் பெட்டி!

இதற்கு என்ன சாட்சி? வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1494இல், லூக்கா பச்சோலி என்பவர் வெனிஸ் நகரில் கணக்குப் பதிவு முறையை விளக்கி ஒரு புத்தகம் அச்சிட்டார். ரொக்கக் கணக்குக்கு அதில் அவர் வைத்த பெயர் 'காஸா'. நம்ம காசு கப்பல் ஏறும் முன்பே அந்தச் சொல் அங்கே கணக்குப்பிள்ளைகள் கையில் இருந்திருக்கிறது.

அப்போ நடுவர் சொன்னது சரியா? அங்கேதான் விஷயம். அவர் சொன்னதும் பாதிதான்.

ஆங்கில அகராதியில் கேஷ் என்று இரண்டு சொற்கள் தனித்தனியாக உண்டு. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. இரண்டாவது கேஷுக்கு 'கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயம்' என்று பொருள் போட்டு, மூலம் தமிழ்க் காசு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் காசு என்ற சொல்லைக் கேட்டு, தங்கள் மொழியில் பெட்டிக்கு உள்ள 'காய்ஷா' என்ற சொல்லின் சாயலில் எழுதினார்கள். அதுவும் காப்ஸாவின் வாரிசுதான். ஆங்கிலேயர் அதை வாங்கி, தங்களிடம் இருந்த கேஷ் மாதிரியே எழுதிவிட்டார்கள். இரண்டு சொல்லும் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது ஏறக்குறைய ஒரே காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இந்த இரண்டாவது கேஷ் சும்மா அகராதியில் தூங்கிய சொல் இல்லை. சென்னையில் கும்பெனியார் கணக்கே அதில்தான் ஓடியது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818இல் ரூபாய்க்கு மாறும்வரை இந்தக் கணக்குதான். இங்கிலாந்தில் அச்சடித்து இங்கே அனுப்பிய 20 காசு செப்பு நாணயத்தில், '20 காஸ் என்பது 4 ஃபலூஸ்' என்று பாரசீக எழுத்தில் பொறித்தார்கள். 1809இல் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இப்படி டன் கணக்கில் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையிலேயே மணல் திட்டில் சிக்கி மூழ்கியது. திருவாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். அங்கே 1940கள் வரை காசு புழங்கியது.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனத்து நாணயம் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு இன்றைக்கும் பெயர் கேஷ். சீனர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. ஐரோப்பிய வியாபாரிகள் நம் கரையில் கற்ற சொல்லை அங்கே கொண்டுபோய் ஒட்டினார்கள்.

நம்மிடம் அந்தச் சொல் எவ்வளவு பழசு? குறுந்தொகையில், கிளி மூக்கில் பிடித்த வேப்பம்பழத்தைப் பொன் நகையில் கோக்கும் காசுக்கு ஒப்பிடும் பாட்டு இருக்கிறது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் காசைக் கடன் வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டிய கணக்கு இருக்கிறது. அதாவது பன்னிரண்டரை சதவீதம். வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடாகவும் காசு வரும். நாள், மலர், காசு, பிறப்பு என்று நாம் மனப்பாடம் செய்ததுதான்.

இவ்வளவு கையில் இருக்கும்போது நமக்குச் சொந்தமில்லாத இன்னொரு கேஷையும் எதற்கு இழுக்க வேண்டும்? அதை இழுத்ததால்தான் உண்மையான பாதியும் சேர்ந்து சிரிப்புக்கு ஆளானது. அந்தச் சிரிப்பு எனக்கு வந்திருக்க வேண்டியது, பிள்ளைக்குப் போய்விட்டது.

அன்றைக்கு மேலே ஏறியதும் அவள் உண்டியலில் ஒரு நாணயம் போட்டாள். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. நம்ம சொல் உள்ளே விழுந்த நாணயத்துக்கு. அவர்கள் சொல் அதை வாங்கிக்கொண்ட பெட்டிக்கு. ஒன்று இன்னொன்றின் பிள்ளை இல்லை.

நேற்று போன் போட்டு முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றாள். சொல்லியிருக்கலாம்.