அண்டை வீடும் அரசியல் மனமும்

பிற சமூகத்தாரோடு நேரில் பழகினால் அவர்களைப் பற்றிய முன்முடிவுகள் தளரும் என்பதே, அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் முன்வைத்த ‘தொடர்புக் கருதுகோள்’. வெறும் பழக்கம் போதாது என்றும் அவர் வற்புறுத்தினார்: இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், அதற்காகக் கூடி உழைக்க வேண்டும், சட்டமோ நிறுவனமோ துணைநிற்க வேண்டும்.

மும்பையின் வரலாறு இதற்குச் சான்று. தென்னிந்தியர் அலுவலக வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள் என்ற முழக்கத்தோடு 1966-இல் சிவசேனை எழுந்தபோது, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழரும் மராத்தியரும் நெடுங்காலமாக அருகருகேதான் வாழ்ந்துவந்தனர். ஆயினும் போட்டியாளராகச் சந்தித்த இடத்தில் அந்த அண்மை பகையைத் தடுக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைக் கொண்டு மேட் லோ நடத்தி 2021-இல் வெளியிட்ட கிரிக்கெட் ஆய்வும் இதையே காட்டியது: பிற சாதியாரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு வளர்ந்தது, எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் அந்த மாற்றம் நிகழவில்லை.

மும்பையிலேயே அணுசக்தித் துறையின் குடியிருப்பான அணுசக்தி நகரில் ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் பெரும்பாலும் கூடிவருகின்றன. பல மாநிலத்தார் ஒரே ஆய்வகத்தில் பணிபுரிந்து, ஒரே கட்டடத்தில் குடியிருந்து, பிள்ளைகளை ஒரே பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆனால் குவார்ட்டர்ஸ் ஊதிய நிலைக்கேற்ப ஒதுக்கப்படுவதால், மொழியைக் கடக்கும் பழக்கம் வர்க்கத்தை அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. அங்குள்ள அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி என்ற குடிசைப்பகுதி, கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையில் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், காலிசெய்யப்பட்டது; அக்குடும்பங்கள் குடியேற்றப்பட்ட சீத்தா கேம்ப் இன்றும் அருகில்தான் இருக்கிறது. இத்தகைய குடியிருப்பிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணை ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் அறிந்திருந்தாலும், அவர் அந்த வீட்டு நாற்காலியில் உட்காராத வரை அது ஆல்போர்ட் சொன்ன தொடர்பு ஆகாது.

இதற்கு மாற்று உண்டு. தில்லியின் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டபின், அவர்களோடு படித்த வசதியான மாணவர்களிடம் கொடைமனம் கூடியதையும் பாகுபாடு குறைந்ததையும் கௌதம் ராவ் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுசெய்தார். அணுசக்தி நகரும் சீத்தா கேம்பும் 2009 முதல் ஒரே சட்டமன்றத் தொகுதியில் வாக்களிக்கின்றன. அவ்விரு இடத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் உட்கார வழிசெய்வது அத்தொகுதியின் முதற்கடமை.