பிறர் பெட்டிகளில் நிற்கும் துறைமுகம்

கொழும்புத் துறைமுகம் 2024இல் ஏறத்தாழ 78 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. இருபதடிப் பெட்டியை அலகாகக் கொண்ட கணக்கு இது. முந்திய ஆண்டைவிட எட்டு இலட்சத்துக்கும் மேல் அதிகம். நெருக்கடியில் விழுந்தெழுந்த நாட்டுக்கு ஆறுதலான சேதிதான். ஆனால் இவற்றில் ஐந்தில் நான்கு பங்கு இலங்கைக்கு வந்த சரக்கும் அல்ல, இங்கிருந்து போன சரக்கும் அல்ல. தாய்க்கப்பல் இறக்கிவிட்ட பெட்டி ஜய முனையத்திலோ தெற்கு முனையத்திலோ சில நாள் அடுக்கில் கிடந்து, சிறு கப்பலேறித் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ சிட்டகொங்குக்கோ போகிறது. இறக்கும்போது ஒன்று, ஏற்றும்போது ஒன்று என அதே பெட்டி இருமுறை எண்ணப்படுகிறது. செங்கடல் தாக்குதல்களுக்கு அஞ்சிக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப்போனதற்கும் அந்த ஆண்டின் வளர்ச்சியில் பங்குண்டு. இப்படி வந்த பெட்டிகள் இன்னொரு துறைமுகத்துக்குத் திரும்பிப்போகவும் கூடும்.

கிழக்கு மேற்குக் கப்பல் பாதை நம் தென்கரையோரம் போகிறது, அமைவிடத்தை யார் பறிக்க முடியும் என்று கேட்பவர்கள் காலியை நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்ற துறை அது. அந்தப் பாதைக்குக் கொழும்பைவிடக் கிட்டவும் இருந்தது. கொழும்பில் 1875இல் அடிக்கல் நாட்டிய அலைதடுப்பு அணை பத்தாண்டில் எழுந்து நின்றதும் கப்பல்கள் இங்கே வந்துவிட்டன. காலி இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் கொழும்புக்குப் போட்டியாக வந்திருக்கிறது. 2011இல் கொச்சி வல்லார்பாடம் திறந்தபோதும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லையே என்பது நியாயமான கேள்வி. வல்லார்பாடம் ஓயாமல் தூர்வார வேண்டிய துறை. மிகப் பெரிய தாய்க்கப்பல்களுக்கு அதன் ஆழம் போதாது. விழிஞ்ஞத்துக்கு 18 மீற்றருக்குக் குறையாத ஆழம் இயற்கையாகவே உண்டு. 2024 டிசம்பரில் வணிகச் சேவை தொடங்கிய அதை நடத்தும் அதானி குழுமமே 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய கொழும்பு மேற்கு முனையத்திலும் 51 வீதம் வைத்திருக்கிறது. எந்தப் பெட்டி எங்கே இறங்கும் என்பதில் இரு கரையிலும் அதற்குச் செல்வாக்கு உண்டு.

ஆகவே கப்பல் நிறுவனம் இங்கே நிற்பதா வேண்டாமா என்பதை நம் வேகமே முடிவு செய்யும். அதில்தான் நாம் சறுக்குகிறோம். கிழக்கு முனையத்தின் கரைமேடையில் முதற்பகுதி கட்டி முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் கிரேன் இல்லாமல் கிடந்தது. அதைத் துறைமுக அதிகார சபையே நடத்தும் என்று 2021 பெப்ரவரியில் எடுத்த முடிவை நான் குறைசொல்லவில்லை. அந்த முடிவுக்கு வர எடுத்த காலம்தான் குற்றம். உள்நாட்டுச் சரக்கின் கதை இன்னும் மோசம். சுங்கத்தின் நேரடிச் சோதனைக்கான சிவப்பு வரிசையில் விழுந்த பெட்டிக்காக வார்ஃப் கிளார்க் கோப்போடு அலைய, லொறி வாடகையும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் ஏறும். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பருப்பு விலையில் அது சேரும். 2025 ஜனவரியில் நெரிசலைக் குறைக்கவென 323 கொள்கலன்களை நேரடிச் சோதனையில்லாமல் விடுவித்தது பெரும் சர்ச்சையானது. தாமதத்துக்கு மருந்து சோதனையைக் கைவிடுவதல்ல, ஸ்கேனரும் ஆட்களும் சோதனைக்கான இடமும்தான்.

துறைமுக அதிகார சபையும் சுங்கமும் கையாண்ட பெட்டிகளின் தொகையோடு, கப்பல் வெளியே காத்திருந்த மணிநேரத்தையும் உள்நாட்டுப் பெட்டி வாசலைத் தாண்ட எடுத்த நாட்களையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.